திருநெல்வேலி சைக்கிள் குழுவுக்கு ஒரு வருடத் திட்டம்: காற்றைப் பார்த்து நாள் குறியுங்கள்

கேள்வி இதுதான்: "திருநெல்வேலியில் எங்கள் சைக்கிள் குழு ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. போன ஜனவரியில் நாற்பது பேர் வந்தார்கள். ஆகஸ்டில் ஏழு பேர்தான். வருகிற ஜனவரி முதல் டிசம்பர் வரை உருப்படியாக ஒரு திட்டம் போட வேண்டும். மாதம் ஒரு நூறு கிலோமீட்டர் ரைடு என்று வைக்கலாமா? பி.ஆர்.எம். (குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்கும் நெடுந்தூரச் சைக்கிள் பயணம்) போகலாமா? எங்கிருந்து தொடங்குவது?"

நாற்பது பேர் ஏழு பேர் ஆனது எந்த மாதத்தில் என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஆகஸ்ட். ஆட்களுக்கு ஆர்வம் போய்விட்டது என்று வருத்தப்படாதீர்கள். நம் பக்கத்தில் மே கடைசியில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று எழும்பினால் செப்டம்பர் வரை ஓயாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் என்று இரண்டு வாசல்கள். தென்மேற்குப் பருவக்காற்று இந்த இரண்டு வழியாகவும் நெருக்கிப் பிதுங்கி வந்து சமவெளியில் பாய்கிறது. ஆரல்வாய்மொழி பக்கத்து முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது அதனால்தான். மின்சாரம் எடுக்கிற அளவுக்கு அடிக்கிற காற்றுக்குள் புது ஆட்களை ஓட்டச் சொன்னால் மறுவாரம் எப்படி வருவார்கள்?

நானே இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஜூலை மாதம் ஆரல்வாய்மொழி வரை ஒரு ரைடு வைத்தோம். நாங்குநேரி, வள்ளியூர் வரை எல்லோரும் பேசிக்கொண்டே வந்தார்கள். காற்று பக்கவாட்டில்தான் அடித்தது. காவல்கிணறு விலக்கில் மேற்கே திரும்பியதும் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மணிக்கு 22 கி.மீ. வேகத்தில் வந்தவர்கள் 9 கி.மீ. வேகத்துக்கு இறங்கிவிட்டார்கள். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், புது சைக்கிள் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ரோட்டோரம் மைல்கல்லில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். "அண்ணாச்சி, நீங்க எல்லாரும் போங்க. நான் ஏதாவது வண்டி புடிச்சு வாரேன்" என்றார். அவரை நல்லபடியாக வீட்டில் கொண்டுபோய் விட்டோம். ஆனால் அதன் பிறகு அவர் ஒரு ஞாயிறுகூட வரவில்லை. அந்தச் சைக்கிளை விற்றுவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். தேதி குறித்தது நான். காற்று அந்த மாதத்தில் அடிக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நாள்காட்டியில் எழுதும்போது அதை யோசிக்கவில்லை.

அதனால் "மாதம் ஒரு நூறு" வேண்டாம். ஜனவரி நூறும் ஜூலை நூறும் ஒன்றல்ல. கிலோமீட்டரை முதலில் எழுதாதீர்கள். பன்னிரண்டு மாதத்தையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காற்று எந்தத் திசை, வெயில் எத்தனை மணிக்கு ஏறும், எந்த ரோட்டில் திருவிழாக் கூட்டம், யாருக்குப் பரீட்சை, யாருக்குக் கணக்கு முடிக்கும் மாதம் என்று குறியுங்கள். அதற்கு அப்புறம் ஊர்களை எழுதுங்கள். ரைடும் மாதம் இரண்டு போதும், இரண்டாவது ஞாயிறும் நான்காவது ஞாயிறும். மற்ற ஞாயிறுகளில் இஷ்டப்பட்டவர்கள் 20 கி.மீ. ஓட்டி டீ குடித்துவிட்டு வரட்டும். வாரா வாரம் குழு ரைடு வைத்தால் வீட்டில் முறைப்பார்கள், அது நியாயமும்கூட.

ஜனவரியும் பிப்ரவரியும்தான் நமக்குப் பொற்காலம். மழை ஓய்ந்திருக்கும், வாடைக்காற்று லேசாக வீசும், எட்டரை மணி வரை வெயில் உறைக்காது. இந்த இரண்டு மாதத்தையும் புது ஆட்களுக்கு என்றே ஒதுக்குங்கள். முதல் ரைடு நவதிருப்பதி. பாளையங்கோட்டையில் கிளம்பித் திருச்செந்தூர் ரோட்டில் கிருஷ்ணாபுரம், ஆதிச்சநல்லூர் தாண்டினால் ஸ்ரீவைகுண்டம் சுமார் 30 கி.மீ. அங்கிருந்து தாமிரபரணியின் இரு கரையிலும் நத்தம், திருப்புளியங்குடி, பெருங்குளம், இரட்டைத் திருப்பதி, தென்திருப்பேரை, திருக்கோளூர், ஆழ்வார்திருநகரி என்று கோயில்கள் கிட்டக் கிட்ட இருக்கின்றன. எல்லாக் கோயிலுக்கும் போக வேண்டியதில்லை. மூன்றோ நான்கோ பார்த்துத் திரும்பினாலே 75 கி.மீ. வந்துவிடும், ஒரே சமதளம். பிசான நெற்பயிர் பச்சைப்பசேலென்று நிற்கும் நேரம், வாய்க்கால் ஓரமாகவே ஓட்டலாம். அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு முறை கோயில் வாசலில் இறங்கி நிற்பதால், முதல்முறை 75 கி.மீ. போகிறவருக்குத் தான் எவ்வளவு ஓட்டினோம் என்பதே தெரியாது. வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்துவிட்டுத்தான் ஆச்சரியப்படுவார். புது ஆளை உள்ளே இழுப்பதற்கு இதைவிட நல்ல ரோடு எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் திருச்செந்தூர் ரோடு முழுக்கப் பாதயாத்திரை போகிறவர்கள் இருப்பார்கள். இருட்டிலும் நடப்பார்கள், கைக்குழந்தையோடும் நடப்பார்கள். அந்த வாரம் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பிப்ரவரியில் கூந்தன்குளம். மூலைக்கரைப்பட்டி வழியாகப் போய்த் திரும்பினால் 75 கி.மீ. அளவுக்கு வரும். 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்னாலிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள், தீபாவளிக்கும் கோயில் கொடைக்கும்கூட வெடி போடுவதில்லை. மஞ்சள் மூக்கு நாரை வீட்டுக் கொல்லை மரத்தில் கூடு கட்டி உட்கார்ந்திருக்கும், கீழே பெண்கள் பாத்திரம் துலக்கிக்கொண்டு இருப்பார்கள். வலசை வருகிற வரித்தலை வாத்துகளையும் குளத்தில் பார்க்கலாம். காரில் போனால் ஊருக்குள் கதவைச் சாத்தும் சத்தத்துக்கே பறவைகள் கலையும். சைக்கிளில் அது கிடையாது. மணியடிக்காமல் போங்கள், அது போதும்.

பிப்ரவரி நான்காம் ஞாயிறில் வருடத்தின் பெரிய ரைடை வைத்துவிடுங்கள். கன்னியாகுமரி, சுமார் 85 கி.மீ., போக மட்டும் சைக்கிள். திரும்பும்போது ஆட்கள் ரயிலிலோ பஸ்ஸிலோ, சைக்கிள்கள் ஒரு சின்ன லாரியிலோ வேனிலோ. பெரிய ரைடு என்றாலே டிசம்பரில் என்று நினைக்கிறோம். டிசம்பரை வானம் தன் கையில் வைத்திருக்கிறது. பிப்ரவரியில் வாடை முதுகில் தள்ளும். ஸ்ரீநகரிலிருந்து வருகிற 44ஆம் எண் நெடுஞ்சாலையின் கடைசித் துண்டு அது. நாட்டிலேயே நீளமான நெடுஞ்சாலை முடிகிற இடத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பது, நாற்பத்தைந்து வயதில் முதல்முறை சைக்கிள் வாங்கிய ஒருவருக்கு எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறேன். அவர் அப்புறம் குழுவை விட்டுப் போகவே மாட்டார்.

மார்ச்சில் ஆள் குறைவார்கள், அதற்குக் கவலைப்பட வேண்டாம். பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு, வங்கிக்காரர்களுக்கு வருடக் கணக்கு. ஒரே ஒரு ரைடு போதும்: சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம். போக வர நூறுக்குக் கொஞ்சம் குறைவு. வழியில் மரநிழலும் வாய்க்காலும் உண்டு, போய்ச் சேர்ந்ததும் கோயில் படித்துறையில் குளியல். அதற்கு மேல் முண்டந்துறைப் பக்கம் ஏற ஆசைப்படுவார்கள். களக்காடு முண்டந்துறை 1988இல் அறிவிக்கப்பட்ட புலிகள் காப்பகம். மாஞ்சோலையும் அப்படித்தான், வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. செக்போஸ்டில் நின்று கெஞ்சுவதோ, படம் எடுத்துவிட்டு உடனே வந்துவிடுகிறோம் என்று நுழைவதோ குழுவின் பெயரைக் கெடுக்கும்.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் நீண்ட ரைடு கிடையாது என்று எழுதிவிடுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி ஏழரைக்குள் வீடு. மே 4க்கு மேல் கத்திரி தொடங்கிவிட்டால் எட்டு மணிக்கே தார் ரோட்டிலிருந்து அனல் எழும்பும். ஆனால் தூத்துக்குடி, திருச்செந்தூர் ரோட்டோரங்களில் பதநீரும் நுங்கும் வரும் காலம் இது. காலை ஆறரைக்குப் பனை ஓலைப் பட்டையில் பதநீர் குடிப்பதற்கென்றே 30 கி.மீ. ரைடு ஒன்று வைக்கலாம். நான் பார்த்த அளவில் அதற்கு வந்த கூட்டம் வேறு எதற்கும் வந்ததில்லை.

இந்த இரண்டு மாதத்தில்தான் கற்றுக்கொடுக்கும் வேலையை வைக்க வேண்டும். ஒன்று, பஞ்சர் வகுப்பு. நம் பக்கத்து ரோடுகளில் சைக்கிளுக்கு முதல் எதிரி சீமைக்கருவேல முள். ஆணியைப் போலத் தலை கிடையாது, அதனால் டயரில் குத்தி ஒடிந்து உள்ளே தங்கிவிடும். புது ஆள் என்ன செய்வார்? டியூபை மாற்றுவார், காற்றடிப்பார், இரண்டு கிலோமீட்டரில் மறுபடியும் இறங்கிவிடும். டியூபைக் கழற்றியதும் டயரின் உட்பக்கம் விரலை மெதுவாகச் சுற்றிவரத் தடவ வேண்டும், அவசரப்பட்டால் விரலில் ஏறிவிடும். இன்னும் பத்திரமான வழி, ஒரு துண்டுப் பஞ்சை டயருக்குள் வைத்து இழுப்பது. முள் இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். அப்புறம் டயரை வெளிப்பக்கமாக மடக்கி, நகவெட்டியின் நுனியால் முள்ளைப் பிடுங்க வேண்டும். இதை எனக்குச் சொல்லித்தந்தவர் முப்பது வருடம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு பெரியவர். உங்கள் குழுவிலும் அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்து வகுப்பை அவரையே நடத்தச் சொல்லுங்கள். சக்கரத்தில் கோட்டம் எடுப்பது, அச்சில் கோன் இறுக்குவது, முழுதாகப் பிரித்துப் பூட்டி ஓவராயில் பண்ணுவது எல்லாம் கைப்பழக்கம். பார்த்துப் பார்த்துச் செய்தால்தான் வரும். வகுப்புக்கு அவருக்கு ஒரு நாள் கூலியைக் கண்டிப்பாகக் கொடுங்கள், சால்வையோடு நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று, பெண்களுக்கான பயிற்சி முகாம். உங்கள் குழுவில் பெண்கள் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. குறைவாகத்தான் இருக்கும், எல்லா ஊர்க் குழுவிலும் அப்படித்தான். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். வயல் வேலைக்குப் போகிறவர்களும் கல் குவாரியில் வேலை பார்த்தவர்களும் அதில் இருந்தார்கள். தண்ணீர் எடுக்கவும், சந்தைக்கும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் யாரையும் எதிர்பார்க்காமல் போக முடிந்தது. அந்தத் தலைமுறை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இப்போதும் ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்த, சைக்கிள் ஓட்டத் தெரியாத பெண்கள் ஏராளம். பாளையங்கோட்டையில் பள்ளி மைதானங்களுக்குப் பஞ்சமில்லை. விடுமுறையில் ஒரு மைதானத்தைக் கேட்டு வாங்கி, ஆறு சைக்கிளின் பெடலைக் கழற்றி, சீட்டைக் கால் தரையில் ஊன்றும் அளவுக்கு இறக்கிக் கொடுங்கள். முதலில் உந்தி உந்தி உருளப் பழகட்டும். சமநிலை வந்த பிறகு பெடலை மாட்டினால் போதும். பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற பழைய முறையைவிட இதில் விழுவது குறைவு. சொல்லித்தருகிறவர்களும் பெண்களாக இருந்தால் கூச்சம் போய்விடும். ஜூன் 3 உலக சைக்கிள் தினம். ஐ.நா. 2018இல் அறிவித்தது. ஊர்வலம், பேனர் என்று செலவழிக்காமல் அன்றைக்கு இந்தப் பெண்களின் முதல் பத்துக் கிலோமீட்டரை வையுங்கள்.

ஜூனில் பள்ளி திறக்கும். இங்கே நிதானமாக ஒன்று சொல்ல வேண்டும். பிளஸ் 1 பிள்ளைகளுக்கு அரசு விலையில்லாச் சைக்கிள் தருகிறது. அது கைக்கு வந்த பிறகு அதைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கிராமத்துப் பள்ளி வாசலில் நாங்கள் எட்டுப் பேர் ஸ்பேனர், எண்ணெய், பிரேக் கட்டை, கேபிள் எல்லாம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். காசு வாங்குவதில்லை என்று முதல் நாளே தலைமையாசிரியர் மூலம் சொல்லியிருந்தோம். ஒரு பெண் பிள்ளை கொண்டுவந்த சைக்கிளில் முன் பிரேக் கட்டையில் ரப்பரே இல்லை. வெறும் இரும்பு ரிம்மைச் சுரண்டி, ரிம்மில் விரல் வைத்தால் தெரிகிற அளவுக்குத் தடம் விழுந்திருந்தது. பின் பிரேக் கேபிள் அறுந்து கம்பிக்கூடையில் சுற்றிக் கட்டியிருந்தது. "எப்படிம்மா நிப்பாட்டுவ?" என்று கேட்டேன். செருப்புக் காலைக் காட்டினாள். வலது செருப்பின் குதிகால் பக்கம் பாதி தேய்ந்துபோயிருந்தது. நாலு கிலோமீட்டர் போய், நாலு கிலோமீட்டர் வருகிற பிள்ளை. வழியில் ஒரு ரயில்வே பாலத்து இறக்கம் உண்டு. பிரேக் கட்டையும் கேபிளும் சேர்த்து நூறு ரூபாய்க்குள்தான் ஆனது. அன்றைக்கு மத்தியானம் வரை அறுபது சைக்கிள் பார்த்தோம், பாதிக்கு மேல் பிரேக் கோளாறு.

உங்கள் வருடத் திட்டத்தில் நீங்கள் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் ரைடுகளை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள் என்று சொல்வேன். ஜூன் கடைசியில் ஒன்று, மழை முடிந்து ஜனவரியில் ஒன்று. மழையில் செயினும் கேபிளும் துருப்பிடித்திருக்கும். ஒரு நாளைக்கு ஒரு பள்ளி போதும். பிரேக், காற்று, செயின் எண்ணெய், சீட் உயரம், பின்பக்கச் சிவப்பு ஒளிரும் பட்டை, இந்த ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சரிசெய்யப் போனால் பத்துச் சைக்கிளோடு பொழுது போய்விடும்.

சரி, காற்று மாதங்களுக்கு வருவோம். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை குழுவை மூடிவிட வேண்டியதில்லை. இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி, கடிகார ரைடு. இது எங்கள் குழுவைக் காப்பாற்றியது. ஊர்ப்பெயரை இலக்காக வைக்காமல் மணியை வையுங்கள். உதாரணத்துக்குத் தென்காசி ரோடு. எல்லோரும் ஐந்தரைக்கு ஒன்றாகக் கிளம்புவது, காற்றுக்கு எதிராக மேற்கே போவது. மணி ஏழு ஆனதும் அவரவர் எங்கே இருக்கிறாரோ அங்கேயே திரும்பிவிட வேண்டும். வேகமானவர் ஆலங்குளம் தாண்டியிருப்பார், மெதுவாகப் போகிறவர் பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டார். திரும்பும்போது காற்று முதுகில். எல்லோரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் டவுனுக்கு வந்து ஒரே கடையில் இட்லி சாப்பிடலாம். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, யாரையும் விட்டுவிட்டும் வரவில்லை. எதிர்காற்றில் போகிற பாதி கஷ்டம்தான். ஆனால் திரும்பும் பாதியில் பெடலைத் தொட்டாலே சைக்கிள் பறக்கும், அந்த ஞாபகத்தோடுதான் ஆள் வீட்டுக்குப் போவார். இதைத் தலைகீழாகச் செய்துவிடாதீர்கள். தூத்துக்குடிப் பக்கம் பின்காற்றில் ஜாலியாகப் போய்விட்டு, வெயில் ஏறிய பிறகு ஐம்பது கிலோமீட்டர் எதிர்காற்றில் திரும்புவது கொடுமை.

இரண்டாவது வழி, சைக்கிளை வேனில் ஏற்றி மேற்கே கொண்டுபோய், அங்கிருந்து காற்றோடு ஊர் திரும்புவது. குற்றாலச் சீசனில் தென்காசி வரை வண்டியில் போய், சாரலில் ஒரு குளியல் போட்டுவிட்டு 55 கி.மீ. திரும்பி ஓட்டலாம். ஜூலை, ஆகஸ்டில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்திருக்கும். வயலுக்குள் இறங்குவதற்கு முன் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், வருகிற கூட்டத்தின் காலில் மிதிபடுவது அவர் போட்ட முதல். ஆரல்வாய்மொழியிலிருந்து திரும்பும் யோசனை வந்தால் மட்டும் வேண்டாம் என்பேன். முப்பந்தல் பக்கம் காற்று ஒரே சீராக வராது, திடீரென்று பக்கத்திலிருந்து தள்ளும். லாரி ஒன்று நம்மைத் தாண்டும்போது ஒரு நொடி காற்று அடைபட்டு, லாரி போனதும் மறுபடி அடிக்கும். அந்த நொடியில் ஹேண்டில் பார் ஒரு முழம் நகர்ந்துவிடும். பழகிய ஆளுக்கே சிரமம்.

ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டம் வரும். அந்த நாட்களில் டவுன் ரத வீதிகள் பக்கம் கூடுமிடம் வைக்காதீர்கள்.

செப்டம்பர் கடைசியில் காற்று இறங்கும். அப்போது நூறு கி.மீ. ஒன்று வைக்கலாம், திருச்செந்தூர் போய்க் கடலில் கால் நனைத்துத் திரும்பினால் 115 வரை வரும். தேதி பார்த்து வைக்க வேண்டும். குலசேகரப்பட்டினம் தசராவுக்கு வேடம் கட்டினவர்களின் வண்டிகள் அந்த ரோட்டை நிறைத்துவிடும், அதற்கு அடுத்து ஐப்பசியில் சூரசம்ஹாரம். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஞாயிறு கிடைக்கும்.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இந்தப் பகுதியில் எந்த ரைடையும் உறுதி என்று எழுதாதீர்கள், "வானிலை பார்த்து" என்று எழுதுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று நூற்றுக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டார்கள், நவதிருப்பதி ஊர்கள் பலவும் தண்ணீருக்குள் இருந்தன. அந்த வாரங்களில் நிவாரணப் பொருட்களோடு உள் ஊர்களுக்குச் சைக்கிளில் போய்வந்தவர்கள் உண்டு, பாலம் போன இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக் கடக்கலாம். உங்கள் குழுவில் யார் யாருக்கு நீச்சல் தெரியும், யாருக்கு முதலுதவி தெரியும், யார் எந்த ஊர்க்காரர் என்று ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படாமல் போகட்டும்.

பி.ஆர்.எம். பற்றிக் கேட்டிருந்தீர்கள். நல்ல விஷயம்தான், அதைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொண்டு போனால். 200 கி.மீ. 13 மணி 30 நிமிடத்தில், 300 கி.மீ. 20 மணியில், 400 கி.மீ. 27 மணியில், 600 கி.மீ. 40 மணியில் முடிக்க வேண்டும். இது பந்தயம் அல்ல. முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மரியாதை. வழியில் குறிப்பிட்ட இடங்களில் நேரத்துக்குள் வந்ததைப் பதிவு செய்ய வேண்டும். வண்டியில் பின்னாலேயே வந்து யாரும் உதவக் கூடாது, பஞ்சர் ஆனால் நீங்களே ஒட்ட வேண்டும். நான்கு தூரத்தையும் ஒரே சீசனில், அதாவது நவம்பர் முதல் அக்டோபருக்குள், முடித்தால் சூப்பர் ராண்டனர் என்பார்கள். பாரிஸிலிருந்து பிரெஸ்ட் நகரத்துக்குப் போய்த் திரும்பும் 1,200 கி.மீ. நெடும்பயணத்துக்கு இதுதான் நுழைவாயில். 1891இல் தொடங்கியது, இப்போது நான்கு வருடத்துக்கு ஒரு முறை நடக்கிறது. போன முறை 2023 ஆகஸ்டில் நடந்தது, அடுத்தது 2027. நம் நாட்டிலிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் போகிறார்கள்.

ஆனால் அதைக் குழுவின் முதுகெலும்பாக வைக்காதீர்கள். நாற்பது பேரில் ஐந்து பேர் பி.ஆர்.எம். ஆசைப்படுவார்கள். அந்த ஐந்து பேரும் பெரும்பாலும் குழுவில் நல்ல ஓட்டக்காரர்கள், பேச்சும் அவர்கள் பேச்சாகத்தான் இருக்கும். மெல்ல மெல்ல குழுவின் எல்லாப் பேச்சும் நேரம், சராசரி வேகம், சைக்கிளின் எடை, விலை என்று மாறிவிடும். ஒற்றைக் கியர் சைக்கிளில் வந்துகொண்டிருந்த ஆட்டோ டிரைவரும், பேப்பர் போடும் பையனும் சத்தமில்லாமல் நின்றுவிடுவார்கள். அந்த ஐந்து பேரைச் சென்னை, கோவையில் நடக்கும் 200க்கு நவம்பர் அல்லது பிப்ரவரியில் அனுப்பிவையுங்கள், வழியனுப்பக் குழுவே போகட்டும். அதற்குப் பதிலாக அவர்கள் மாதம் ஒரு ரைடில் கடைசி ஆளாக வர வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். கடைசி ஆள் என்றால் யாரையும் முந்தாமல், பம்பும் டியூபும் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் பின்னால் வருகிறவர். வேகமாக ஓட்டத் தெரிந்தவர் மணிக்கு 14 கி.மீ. போகிறவரின் பக்கத்தில் பேசிக்கொண்டே வருவதைப் பார்த்தால், அந்தக் குழு நிலைக்கும் என்று நான் நம்புவேன்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. விடியுமுன் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம், ஹெல்மெட் கட்டாயம். நாலுவழிச் சாலையில் எதிர்த்திசையில் பைக் வரும் என்று எப்போதும் எதிர்பார்க்க வேண்டும். முன்னால் போகிறவர் "குழி" என்று கத்த வேண்டும், பின்னால் வருகிறவர் அதை அடுத்தவருக்குக் கத்த வேண்டும். ஒவ்வொருவரும் வங்கிக் கணக்கு வழியாகப் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் சேர்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். 18 முதல் 70 வயது வரை, வருடத்துக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கோ முழு ஊனத்துக்கோ 2 லட்சம். ஜூன் 1இல் புதுப்பிக்கும், கணக்கில் பணம் இருக்க வேண்டும். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு இலவசமாகத் தரும் திட்டம் நம் மாநிலத்தில் இருக்கிறது. நீங்கள் போகும் ரோடுகளில் எந்தெந்த மருத்துவமனைகள் அந்தப் பட்டியலில் உள்ளன என்று முன்கூட்டியே கேட்டுக் குறித்து வையுங்கள்.

பணம்: மாதம் ஐம்பது ரூபாய் சந்தா போதும். வருடத்தில் இரண்டு முறை வேன் வாடகை, பள்ளிச் சைக்கிளுக்குப் பிரேக் கட்டை, முதலுதவிப் பெட்டி, மெக்கானிக்குக் கூலி. ஜெர்சி அடிக்க வேண்டாம், முதல் வருடம் வேண்டவே வேண்டாம்.

திட்டத்தைத் தட்டச்சு செய்வதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. போன வருடம் வந்து நின்றுவிட்ட முப்பத்து மூன்று பேரின் எண்களும் உங்களிடம் இருக்கும். குழுவில் பொதுவாக ஒரு தகவல் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள், ஒவ்வொருவரையும் கூப்பிடுங்கள். கடைசியாக வந்த ரைடில் என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அந்தத் தாளிலேயே மாதத்துக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சைக்கிள் டயரில் காற்று இறங்கிக் கிடக்கிறது என்று யாராவது சொன்னால், நவதிருப்பதி ரைடுக்கு முந்தின நாள் சாயங்காலம் பம்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள்.